வாகனக் கண்ணாடியில் படியும் நீர்ப்புள்ளிகளும் இரவுப் பயணங்களின் ஆபத்தும்

ஆண்டின் பெரும்பகுதியை மழையோடு கழிக்கும் பிரதேசம் கலவான. சிங்கராஜா வனத்தை அண்டியுள்ள இப்பிரதேசத்தில் ஆண்டு மழைவீழ்ச்சி 3000 மில்லிமீற்றரைத் தாண்டுவது வழமை. இத்தகைய ஓரிடத்தை முன்வைத்து வாகனக் கண்ணாடிகளில் படியும் நீர்ப்புள்ளிகளைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அடிக்கடி மழை கழுவிவிடும் கண்ணாடியில் புள்ளி எவ்வாறு தங்கும் என அவர்கள் கேட்கக்கூடும். ஆயினும், மாலை மழை ஓய்ந்த பின்னர் நிவித்திகலப் பக்கமிருந்தோ இறக்குவானைப் பக்கமிருந்தோ வளைவுகள் நிறைந்த பாதையில் வாகனம் செலுத்தி வரும் சாரதிகள் இவ்விடயத்தின் பாரதூரத்தை நன்கறிவர். எதிரே வரும் லொறியின் விளக்கொளி முன்கண்ணாடியில் விழுந்ததும் ஒரு கணம் பாதை மறைந்து, கண்ணாடி முழுவதும் வெண்படலமாகத் தோன்றும். அந்த ஒரு கணத்தில் பாதையோரமாக நடந்து செல்லும் தோட்டத் தொழிலாளியையோ, மாலை வகுப்பு முடிந்து குடையுடன் வீடு திரும்பும் பிள்ளையையோ சாரதி காணத் தவறிவிடலாம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் 11 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடுகின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பகலில் இப்புள்ளிகள் பெரிதாகப் புலப்படுவதில்லை. சாரதியின் பார்வை தூரத்தில் நிலைத்திருப்பதாலும், வெளிச்சம் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வருவதாலும் கண்ணாடியிலுள்ள சிறு கறைகளைக் கண் பொருட்படுத்துவதில்லை. இரவிலோ ஒளி ஒரு புள்ளியிலிருந்து கூர்மையாக வருகின்றது. கண்ணாடியில் உள்ள ஒவ்வோர் உப்புத் துகளும் அவ்வொளியைச் சிதறடித்துச் சாரதியின் கண்ணை நோக்கித் திருப்பிவிடுகின்றது. புதிய வாகனங்களின் வெண்ணிற விளக்குகள் இச்சிரமத்தை மேலும் அதிகரித்துள்ளன. வயது ஐம்பதைத் தாண்டிய சாரதிகளுக்கு இக்கூச்சம் இன்னும் கடுமையாக இருக்கும். வயதோடு கண்வில்லையும் சற்று மங்கலடைந்து ஒளியைச் சிதறச் செய்வதே அதற்குக் காரணம்.

இதில் பொருளாதாரப் பக்கமும் ஒன்றுண்டு. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களையே பழுதுபார்த்து ஓட்டப் பழகிக்கொண்டோம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பல, இன்று பல்லாண்டு பழைமையான கண்ணாடிகளுடனேயே ஓடுகின்றன. புதுக்கண்ணாடி பொருத்துவது எல்லோராலும் இயலக்கூடிய காரியமாக இல்லை. ஆகவே இருக்கும் கண்ணாடியைக் கெடாமற் பேணுவது எப்படி என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய விடயமாகின்றது.

நீர்ப்புள்ளி என்பது உண்மையில் நீர் அல்ல. நீர் ஆவியாகிச் சென்ற பின்னர், அதனோடு செல்ல முடியாமல் கண்ணாடியில் எஞ்சிவிடும் உப்புகளே அவை. இதனைப் புரிந்துகொள்ள அடுப்படியிலுள்ள கேத்தலைத் திறந்து பார்த்தால் போதும். யாழ்ப்பாணத்திலோ புத்தளத்திலோ கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் உட்புறத்தில் சில மாதங்களில் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவு தடித்துவிடும். கலவானப் பக்கத்துத் தோட்ட லயன்களில் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலோ ஆண்டுக்கணக்கில் பாவித்தாலும் பெரும்பாலும் அவ்வாறு ஆவதில்லை. யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடாக இறங்கும்போது கல்சியம், மகனீசியம் ஆகியவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்கின்றது. இதனையே வன்னீர் என்கிறோம். சப்பிரகமுவ மலைகளோ எளிதிற் கரையாத பழம்பெரும் பளிங்குருப் பாறைகளால் ஆனவை. அங்கு ஊற்றெடுக்கும் நீர் பெரும்பாலும் மென்னீராகும்.

வன்னீர்த் துளி ஒன்று கண்ணாடியில் உலரும்போது அதிலுள்ள கல்சியம் இருகாபனேற்று, காபனீரொட்சைட்டை வெளியேற்றிவிட்டு, நீரில் எளிதிற் கரையாத கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகின்றது. எமது நாட்டின் குடிநீர்த் தரநிலை, லீற்றர் ஒன்றில் 250 மில்லிகிராம் வரையான வன்மையை அனுமதிக்கின்றது. குடிப்பதற்குத் தகுதியான அத்தகைய நீரில் 100 மில்லிலீற்றர் ஒரு வாகனத்தின் கண்ணாடிகளில் தங்கி உலர்ந்தாலே 25 மில்லிகிராம் சுண்ணாம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை கழுவித் துடைக்காமல் விடும் வாகனத்தில் ஓராண்டில் எவ்வளவு சேரும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

புள்ளிகள் நடுவில் வெறுமையாகவும் விளிம்பில் வளையமாகவும் இருப்பதற்கும் காரணம் உண்டு. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து எடுத்தால் வட்டக்கறை எஞ்சுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கோப்பித் துளியொன்று உலரும்போது அதன் விளிம்பில் மட்டும் கறை தடிப்பதேன் என்பதை சிக்காகோ பல்கலைக்கழக பௌதிகவியலாளர்கள் 1997இல் விளக்கினர். துளியின் விளிம்பு கண்ணாடியில் ஓரிடத்தில் பற்றிக்கொள்கின்றது. அங்கேதான் நீர் விரைவாக ஆவியாகின்றது. இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடும்போது, தன்னிலுள்ள பொருள்களையும் கொண்டு சென்று அங்கே குவித்துவிடுகின்றது. நீர்த்துளி உருப்பெருக்கிபோல் வெயிலைக் குவித்துக் கண்ணாடியைச் சுட்டுவிடுவதாலேயே வளையம் உண்டாகின்றது எனப் பலர் நம்புகின்றனர். தட்டையான பரப்பில் படர்ந்திருக்கும் துளி ஒளியைக் குவிக்கும் இடம் அப்பரப்புக்கு அப்பால் விழுவதால் அந்நம்பிக்கை சரியானதன்று. வெயிலின் குற்றம், நீரை விரைவில் உலர்த்திவிடுவது மாத்திரமே.

அப்படியாயின் மென்னீர் நிறைந்த கலவானவில் புள்ளிகள் வருவதேன் என்ற கேள்வி எழும். முதலாவதாக, எமது வாகனங்கள் கலவானவில் மாத்திரம் ஓடுவதில்லை. நல்லூர் உற்சவத்துக்கும் மடுத் திருவிழாவுக்கும் வாடகைக்குச் செல்லும் வான்களும், புத்தளத்திலோ மன்னாரிலோ உள்ள உறவினரின் திருமணத்துக்குச் சென்று திரும்பும் வாகனங்களும் அங்கு கிணற்றடியில் கழுவப்பட்டு, நண்பகல் வெயிலில் உலரவிடப்படுகின்றன. கரையோரத்தில் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கின்றது. வீடு திரும்பிய பின்னர் பெய்யும் மழை கடலுப்பைக் கரைத்துவிடும்; சுண்ணாம்பை அவ்வளவு எளிதாகக் கரைப்பதில்லை.

இரண்டாவது காரணம் உள்ளூரிலேயே இருக்கின்றது. மழைநீர் தூயது என்பது உண்மையே. ஆனால் அது விழும் கண்ணாடி தூயதாக இருப்பதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைந்திருக்கும்போது பாதைத் தூசும் வாகனப் புகையும் கண்ணாடியில் படிகின்றன. அதன்மேல் மார்ச் மாதத்து மாலைத் தூறல் விழுந்து நின்றுவிட்டால் ஒவ்வொரு துளியும் தூசைத் தன் விளிம்பில் திரட்டி உலர்ந்துவிடும். பெருமழை கழுவும், சிறுதூறல் கறையாக்கும் என்று சொன்னால் பொருந்தும். மாணிக்கக்கல் அகழ்வுக் குழிகளிலிருந்து வெளியேறும் களிமண் கலந்த நீர் தேங்கிய பாதைகளில் முன்னே செல்லும் பஸ் வண்டி வாரியிறைக்கும் சேற்றுநீரும் இவ்வாறானதே. மரநிழலில் நிறுத்தும் வாகனங்களில் பிசினும் பறவை எச்சமும் விழுகின்றன. ஆயினும் இவை எல்லாவற்றிலும் கொடியது, புதிதாகக் கட்டப்பட்ட கொங்கிறீற்றுத் தட்டின் கீழ் வாகனத்தை நிறுத்துவதாகும். கொங்கிறீற்றினூடாகக் கசிந்து சொட்டும் நீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. அது ஓரிரு நாட்களிலேயே கண்ணாடியில் அழியாத தடத்தை விட்டுச் செல்லக்கூடும்.

அழியாத தடம் என்று நாம் கூறுவதைச் சற்று விளக்க வேண்டும். கண்ணாடி எதனாலும் பாதிக்கப்படாத பொருள் என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. வாகனங்களில் பொருத்தப்படும் கண்ணாடியில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கு சிலிக்கா. எஞ்சியதிற் பெரும்பகுதி சோடியம், கல்சியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள். கண்ணாடியின் மேற்பரப்பில் நீர் நெடுநேரம் அசையாமல் தங்கினால், அது உள்ளிருக்கும் சோடியத்தை மெல்ல மெல்ல வெளியே இழுக்கின்றது. வெளிவந்த சோடியம் அத்துளியைக் காரமாக்குகின்றது. காரம் போதிய அளவு வலுப்பெற்றதும் அது சிலிக்காவையே அரிக்கத் தொடங்குகின்றது. இப்போது கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் கறையைப் பற்றி நாம் பேசவில்லை, கண்ணாடியே குழிந்துவிட்டது. களஞ்சியங்களில் ஈரம்பட அடுக்கி வைக்கப்படும் புதிய கண்ணாடித் தகடுகள்கூட இவ்வாறே பாழாகிவிடுவதைக் கண்ணாடி வியாபாரிகள் அறிவர். கலவானவின் ஈரலிப்பான காற்றில், மரங்கள் சூழ்ந்த முற்றத்தில், வாரக்கணக்கில் மூடுதுணி போர்த்தி ஓடாமல் நிற்கும் வாகனத்துக்கும் இதே கதி நேரலாம். ஈரமான மூடுதுணி கண்ணாடியைப் பாதுகாப்பதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது எமது கருத்து.

ஆகவே புள்ளியை அகற்ற முனையுமுன் அது எவ்வகையைச் சேர்ந்தது எனக் கண்டறிய வேண்டும். கண்ணாடியை நன்கு கழுவித் துடைத்த பின்னர், இரவில் ஒரு டோர்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். விரல் நகத்தால் மெதுவாகத் தடவும்போது சிறு தடிப்பாக உணர்ந்தால் அது மேற்படிவு. ஒரு சொட்டு வினாகிரியை அதன்மேல் விட்டுச் சில நிமிடங்கள் கழித்துத் துடைத்ததும் மறைந்துவிட்டால் சுண்ணாம்பு என்பது உறுதி. நகத்துக்குத் தட்டுப்படாமலும் வினாகிரிக்கு மசியாமலும், உலர்ந்த நிலையில் மாத்திரம் தோன்றி, கண்ணாடி நனைந்ததும் மறைந்துவிடும் புள்ளிகள் பெரும்பாலும் அரிப்பினால் ஏற்பட்டவையாகும்.

இரத்தினபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஓர் அனுகூலம் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தலைமுறைகளாக ஈடுபட்டுவரும் மாணிக்கக்கல் தொழில், கல்லின் வன்மை என்றால் என்ன என்பதை இம்மாவட்டத்தவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றது. வைரத்துக்கு 10, நீலக்கல்லுக்கும் சிவப்புக்கல்லுக்கும் 9, புஷ்பராகம் என விற்கப்படும் தோப்பாசுக்கு 8, பளிங்குக்கு 7 என்னும் வரிசையில் கண்ணாடியின் இடம் ஏறக்குறைய ஐந்தரையே. சுண்ணாம்புப் படிவின் வன்மை 3. அது கண்ணாடியைவிட மெதுமையானது என்பதால் கீறலின்றி அதனை அகற்ற முடியும். ஆனால் பாதைத் தூசிலும் ஆற்று மணலிலும் இருப்பது பளிங்கு. தூசு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பவர், கண்ணாடியைவிட வன்மையான கல்லினால் அதனைத் தேய்க்கிறார் என்பதே பொருள். வைப்பரை உலர்ந்த கண்ணாடியில் இயக்குவதும் இதற்குச் சமம். முன்கண்ணாடியில் அரைவட்டமாகக் காணப்படும் மெல்லிய கீறல்கள் எல்லாம் இப்படி வந்தவையே.

எனவே முதல் வேலை, நிறைய நீர் விட்டு மணலையும் சேற்றையும் தேய்க்காமலேயே கழுவி அகற்றுவதாகும். வாகனம் நிழலில் நிற்க வேண்டும்; கண்ணாடி தொடுவதற்குக் குளிர்ந்திருக்க வேண்டும். பின்னர் தெளிந்த வினாகிரியையும் நீரையும் சம அளவு கலந்து, அதில் ஒரு பருத்தித் துணியை நனைத்துக் கண்ணாடியின்மேல் ஒட்ட விரித்துவிட வேண்டும். பலரும் வினாகிரியைத் தெளித்த கையோடு தேய்க்கத் தொடங்கிவிடுகின்றனர். அமிலம் வேலை செய்ய நேரம் தேவை. ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை துணி ஈரமாகவே இருக்கட்டும். அதன்பின் மெதுவாகத் துடைத்து, நல்ல நீரால் கழுவி, உலர்த்திப் பார்க்க வேண்டும். முதன்முறையில் பாதிதான் போகும்; மீண்டும் ஒருமுறை செய்வதே தேய்ப்பதைவிடச் சிறந்தது. தோட்டத்து வீடுகளில் வினாகிரி இல்லாவிடினும் தேசிக்காய் இருக்கும். அதன் சாற்றிலுள்ள சித்திரிக் அமிலமும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் சக்கையும் சீனித்தன்மையும் கண்ணாடியில் பிசுபிசுப்பை விடுவதால், சாற்றை வடித்துப் பாவித்துப் பின்னர் தாராளமாகக் கழுவ வேண்டும். இரண்டையும் வர்ணப் பூச்சிலும் வெள்ளி நிறப் பட்டிகளிலும் நீண்டநேரம் தங்கவிடக் கூடாது. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்துடன் வினாகிரியைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வெளியாகும்.

கண்ணாடியின் உட்புறத்தில் நிறத்தாள் ஒட்டியிருப்பின் அங்கு அமிலமும் வேண்டாம், அமோனியா சேர்ந்த கண்ணாடித் திரவமும் வேண்டாம். சவர்க்கார நீரே போதும். முச்சக்கர வண்டிகளின் ஓரத் திரைகளில் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக்கும், இக்கால வாகனங்களின் விளக்கு மூடிகளும் கண்ணாடி அல்ல. மேலே கூறியவற்றையோ கீழே கூறப்போவதையோ அவற்றில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

வினாகிரிக்கு மசியாத புள்ளிகளுக்கு அடுத்த வழி மெருகிடலாகும். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சைநிற உரோஞ்சியை எடுப்பதற்குச் சிலருக்குக் கை துடிக்கும். அதில் உரோஞ்சும் துகள்கள் உண்டு. பெரும்பாலும் அவை நீலக்கல்லின் இனத்தைச் சேர்ந்த அலுமினியம் ஒட்சைட்டுத் துகள்களே. கண்ணாடிக்கு உரியது சீரியம் ஒட்சைட்டு எனும் மென்தூள். செவ்வந்திக்கல் போன்ற பளிங்கு வகைகளை மெருகிடும் பட்டறைகளில் இத்தூள் பரிச்சயமானது. இதனை நீரில் பால்போற் கரைத்து, கம்பளித் துண்டினால் சிறு வட்டங்களாகப் பொறுமையுடன் தேய்த்தால் மேலோட்டமான அரிப்புகள் மறையும். கையால் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைச் சீராக்கவே நெடுநேரம் பிடிக்கும். இயந்திரம் கொண்டு செய்வோர் கண்ணாடியை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தித் தேய்த்தால் வெப்பத்தால் கண்ணாடி வெடிக்கும். முன்கண்ணாடியில் சாரதியின் நேர்ப்பார்வைக்குரிய பகுதியில் ஆழமாக மெருகிடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். புள்ளி மறைந்தாலும் அவ்விடம் குழிந்து, பாதை நெளிந்து தெரிய ஆரம்பித்துவிடும். ஆழமாக அரிக்கப்பட்ட முன்கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இப்பொறுமை எல்லோரிடமும் இருப்பதில்லை. இங்கேதான் நாம் மிகவும் கவலை கொள்ளும் விடயம் வருகின்றது. பெயரோ எச்சரிக்கையோ எழுதப்படாத போத்தல்களில், ஒருமுறை துடைத்ததும் புள்ளியைப் போக்கிவிடும் எனக் கூறி விற்கப்படும் திரவங்கள் உண்டு. இத்தகைய திரவங்களில் ஐதரோபுளோரிக் அமிலமோ, அதனை உண்டாக்கும் புளோரைட்டு உப்போ இருக்கக்கூடும். கண்ணாடியைக் கரைக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதாலேயே புள்ளி போகின்றது. புள்ளியைச் சுற்றியுள்ள கண்ணாடியும் சேர்ந்தே கரைகின்றது. கண்ணாடியாவது மாற்றக்கூடிய பொருள். இவ்வமிலம் தோலில் பட்டால் நீர்த்த நிலையில் உடனடியாக வலிப்பதில்லை. பட்டவர் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அது தோலை ஊடுருவி உட்சென்று, உடலின் கல்சியத்தோடு பிணைந்து, திசுக்களையும் எலும்பையும் தாக்குகின்றது. பெரிய பரப்பில் பட்டால் இரத்தத்திலுள்ள கல்சியம் குறைந்து இதயமே பாதிப்படையலாம். மணிக்கணக்கின் பின்னர் வலி தொடங்கும்போது காரணம் மறந்துபோயிருக்கும். தோட்டங்களிலிருந்து நகரங்களுக்கு வந்து, கையுறைகூட இன்றி நாள் முழுவதும் வாகனங்களைக் கழுவும் இளைஞர்களின் கைகளில் இப்போத்தல்களைக் கொடுப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. வாகன உரிமையாளர்கள், தமது வாகனத்தில் என்ன பூசப்படுகின்றது எனக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் உடனடியாக ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, வலி இல்லாவிடினும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். போத்தலையும் எடுத்துச் செல்வது அவசியம். இதற்கெனக் கல்சியம் குளுக்கோனேற்றுச் சிகிச்சை உண்டு. வைத்தியருக்குக் காரணம் தெரிந்தால்தான் அதனை அளிக்க முடியும். பற்றரி அமிலத்தை நீரில் கலந்து கண்ணாடியில் பூசுவோருக்கும் ஒரு வார்த்தை: அது சுண்ணாம்பை எளிதிற் கரையாத வேறோர் உப்பாக மாற்றி, வர்ணத்தையும் உலோகத்தையும் அரித்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

புள்ளி வராமற் தடுப்பது இவை அனைத்தையும்விட எளிதானது. துளி கண்ணாடியின்மேல் உலர இடமளிக்கக் கூடாது என்பதே அதற்கான ஒரே விதி. பெருநாளுக்கு முதல் நாளும் தீபாவளிக்கு முதல் நாளும் நண்பகல் வெயிலில் வாகனத்தைக் கழுவி, தானாக உலரட்டும் என விட்டுவிடுவது எம்மில் பலரின் வழக்கம். அதிகாலையில் அல்லது வெயில் சாய்ந்த பின்னர் கழுவி, கழுவிய கையோடு கண்ணாடிகளை முதலில் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரப்பர் விளிம்புடைய துடைப்பான் ஒன்றிருந்தால் நல்லது. இல்லாவிடின் பலமுறை துவைத்து மென்மையான பழைய சாரம் ஒன்றே போதும். புதுத்துணியின் கஞ்சி கண்ணாடியில் கோடுகளை விடும். பழைய பத்திரிகைத் தாளால் கண்ணாடி துடைக்கும் வழக்கமும் உண்டு. அச்சிட்டுப் படித்து முடித்த தாளுக்கு அப்படியொரு பயன் கிடைப்பதில் எமக்கு மனவருத்தம் இல்லை. கண்ணாடியைக் கழுவி மணல் நீக்கிய பின்னர் துடைத்தால் சரி.

கலவானவுக்கு இயற்கை அளித்துள்ள பெரும் வசதி, கடைசிக் கழுவலுக்குத் தேவையான தூயநீர் வானத்திலிருந்தே கிடைப்பதாகும். மழை தொடங்கிச் சிறிதுநேரம் கூரையைக் கழுவ விட்டு, அதன்பின் பீப்பாவிற் பிடித்து மூடி வைக்கும் நீரில் சுண்ணாம்பு இல்லையென்றே கூறலாம். வன்னீர்ப் பிரதேசங்களில் வாழும் வாசகர்கள் முழு வாகனத்தையும் கிணற்று நீரால் கழுவினாலும், கண்ணாடிகளை மாத்திரம் ஒரு வாளி மழைநீரால் இறுதியாகக் கழுவிக்கொள்ளலாம். மழையில்லாக் காலத்தில் பற்றரிக்கு ஊற்றவென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துணியை நனைத்து ஒற்றினாலும் போதும். வைப்பருக்கு நீர் தெளிக்கும் தாங்கிக்கும் இதே விதி பொருந்தும். அதனை வன்னீரால் நிரப்பினால் தெளிக்கும் ஒவ்வொரு தடவையும் நாமே புள்ளியை விதைக்கிறோம். நாளடைவில் தெளிக்கும் துவாரமும் அடைபட்டுவிடும். நெடுந்தூரப் பயணத்துக்குப் புறப்படுமுன் ஊர் நீரால் தாங்கியை நிரப்பிச் செல்வது செலவில்லாத வேலை.

நீரை ஒட்டவிடாமல் உருண்டோடச் செய்யும் பூச்சுகள் இப்போது கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிக் கூறப்படுவதிற் பாதிதான் உண்மை. வாகனம் வேகமாகச் செல்லும்போது துளிகள் காற்றினால் உந்தப்பட்டு ஓடிவிடுவது மெய்யே. ஆனால் வளைவுகளில் மெதுவாக ஏறி இறங்கும் மலைப்பாதையில் அவ்வேகம் கிடைப்பதில்லை. நிறுத்தி வைத்த வாகனத்தின் பூசப்பட்ட கண்ணாடியில் துளிகள் படராமல் மணி மணியாக நின்று, நின்ற இடத்திலேயே உலர்கின்றன. ஆகவே பூச்சிட்ட கண்ணாடியையும் துடைக்கத்தான் வேண்டும். அதன் உண்மையான நன்மை, உப்பு கண்ணாடியை நேரடியாகப் பற்றுவதைத் தடுத்து, மறுநாள் துடைக்கும் வேலையை இலகுவாக்குவதே. பூசுவதாயின் முற்றாகப் புள்ளி நீக்கிய கண்ணாடியில் பூச வேண்டும். கறையின்மேல் பூசினால் கறை உள்ளே பத்திரமாக இருக்கும்.

வைப்பரின் ரப்பர் விளிம்பை மாதமொருமுறையேனும் ஈரத்துணியால் துடைத்து, வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். இரவில் கூசும் கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் வெளிப்புறப் புள்ளியே காரணம் எனவும் எண்ணிவிடக் கூடாது. வாகனத்தின் உட்புறப் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவியும் பயணிகளின் மூச்சும் படிந்து, உட்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் ஒன்று உருவாகின்றது. பாடசாலை வான்களில் மழைநாட்களில் கண்ணாடிகள் அனைத்தையும் மூடிக்கொண்டு செல்லும்போது இப்படலத்தின்மேல் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து பார்வையை மறைக்கின்றது. சாரதி அதனைக் கையால் துடைப்பார். கையின் எண்ணெயும் சேர்ந்துவிடும். வாரமொருமுறை உட்புறத்தையும் சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்த வேண்டும்.

கழுவும் இடத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. வாகனத்தை ஓடையில் இறக்கிக் கழுவும் வழக்கம் இப்பிரதேசத்தில் இன்னும் மறையவில்லை. ஓடைநீர் மென்னீர்தான், புள்ளி விழாது என்பதும் உண்மைதான். ஆனால் இவ்வோடைகள் களு கங்கையைச் சேர்ந்து களுத்துறை வரை செல்கின்றன. எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த அந்நீரைக் கீழேயுள்ள பீலிகளிலும் துறைகளிலும் மக்கள் குளிக்கவும் குடிக்கவும் எடுக்கின்றனர். ஓடும் ஆற்றின் கரையில் வுழூச் செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது எனக் கற்பிக்கப்பட்டவர்களும், நதியைத் தாயென வணங்குபவர்களும் இதில் ஒரே பக்கத்தில் நிற்கக்கூடியவர்களே. ஒரு காரின் கண்ணாடிகளுக்கு இரண்டு வாளி நீர் தாராளம்.

இறுதியாக, 2017 மே மாதத்தில் இப்பிரதேசம் கண்டதைப் போன்ற வெள்ளத்தில் அகப்பட்ட வாகனங்களைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். வெள்ளம் வடிந்ததும் கண்ணாடியில் படிந்துள்ள சேற்றை உலரவிடாமல், ஈரமாக இருக்கும்போதே நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கதவுக் கண்ணாடிகளை உடனே இறக்கி ஏற்றக் கூடாது. கண்ணாடி இறங்கும் கம்பளிப் பள்ளத்தினுள் ஆற்று மணல் நிறைந்திருக்கும். அதனை நீர் பாய்ச்சி வெளியேற்றிய பின்னரே இயக்க வேண்டும். இல்லாவிடின் ஒருமுறை இறக்கி ஏற்றுவதிலேயே கண்ணாடியின் மேலிருந்து கீழ்வரை கீறல்கள் விழுந்துவிடும். அவற்றை வினாகிரியாலோ சீரியத் தூளாலோ போக்க இயலாது.